வீட்டுக்கிட்ட தரைப் பொந்துல கதண்டு கூடு: எல்லாரும் கேக்குற கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை பக்கம் கதண்டு கூடு, அதான் பெரிய விஷக் குளவியோட கூடு, புதுசில்ல. ஆனா புல்லறுக்க போன அம்மா, நூறு நாள் வேலையில வாய்க்கா வெட்டிட்டு இருந்தவங்க, மாடு அவுக்க போன பெரியவர்னு யாராச்சும் கதண்டு கடிச்சு செத்துட்டாங்கன்னு பேப்பர்ல வந்துகிட்டேதான் இருக்கு, அதுல நிறைய சாவு நடந்திருக்கவே வேண்டியதில்ல, அதான் மனசு ஆறல. பனை உச்சியில தொங்குற கூடு எல்லார் கண்ணுலயும் பட்டுடும், தரைக்குள்ள இருக்கறது மேல கால வைக்கிற வரைக்கும் தெரியாது. அதனால இங்க தரைக் கூட்ட பத்தி மட்டும் எழுதுறேன்.

கொல்லையில ஒரு ஓட்டைக்குள்ள ஏதோ போய்ட்டு போய்ட்டு வருது, கதண்டுதானான்னு எப்படி தெரிஞ்சிக்கிறது?

கிட்ட போகாதீங்க. முப்பது அடி தள்ளி, அதுங்க பறக்குற பாதைக்கு குறுக்க நிக்காம, ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா பாருங்க. ஒண்ணு மாத்தி ஒண்ணு உள்ள போறதும் வெளிய வர்றதுமா போக்குவரத்து நிக்காம இருந்துச்சுன்னா அது கூட்டம், உள்ள குடும்பமே இருக்கு. கதண்டு சாதாரண குளவிய விட பெருசு, ஒரு அங்குலத்துக்கு கிட்ட வரும், உடம்பு கருப்பும் கரும்பழுப்புமா இருக்கும், வயித்துல மட்டும் அகலமா ஒரு மஞ்சப் பட்டை, பறக்கையில கனமான இரைச்சல். ஓட்டை வாய் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும், சுத்தி பொடிப்பொடியா புது மண்ணு கிடக்கும், வாய்க்கு உள்பக்கமா ஒண்ணு ரெண்டு தலை வெளிய பாத்துகிட்டே இருக்கும், அதுங்கதான் காவல்.

ஒரு ஓட்டைக்கு ஒரே ஒரு குளவி மட்டும் வந்து போச்சுன்னா அது தனியா வாழுற குளவி, மணல்ல குழி தோண்டி புழுவையோ வெட்டுக்கிளியையோ கொண்டு போய் வச்சு முட்டை போடும். கையில புடிச்சு நசுக்கினாத்தான் கொட்டும், கூட்டமா விரட்டாது. பயப்பட வேண்டாம், விட்டுடுங்க.

இன்னொண்ணு, அடுக்குத்தேனீயும் புத்துக்குள்ள பொந்துக்குள்ள இருக்கும். அது ரொம்ப சின்னது, உடம்புல கோடு கோடா இருக்கும். தேனீன்னா தேன் எடுக்க தெரிஞ்சவங்கள கூப்பிட்டு பெட்டிக்கு மாத்திடலாம், கொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

தரைக்குள்ள அது எப்படி கூடு கட்டுது, தானே தோண்டுமா?

முதல்ல தோண்டாது. ஏற்கனவே இருக்கற எலி வளை, பழைய கரையான் புத்து, பட்டுப்போன தென்னை வேர் உளுத்துப் போன பொந்து, கருங்கல் அடுக்குல இருக்கற இடுக்கு, இந்த மாதிரி எடத்த ராணி தேடிப் புடிக்கும். ஒத்தையா ஆரம்பிக்கும், மரத்த பட்டைய சொரண்டி எச்சில் கலந்து மென்னு காகிதம் மாதிரி அறை கட்டி முட்டை வைக்கும். முதல் தொகுதி வேலைக்காரங்க வெளிய வந்த பிறகு ராணி உள்ளயே இருந்துடும், கூடு பெருசாக பெருசாக எடம் பத்தாம வேலைக்காரங்க மண்ண வாயில கவ்வி வெளிய கொண்டு போய் போடும். அந்த மண்ணுதான் வாசல்ல கிடக்கறது.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது, கூடு சின்னதா இருக்கையில அதுங்க அவ்வளவா கோவப்படாது. "ரெண்டு மாசமா இங்கதான் இருக்கு, ஒண்ணும் பண்ணல"ன்னு நிறைய பேர் சொல்றது இதனாலதான். உள்ள புழு நிறைஞ்சு வேலைக்காரங்க நூத்துக்கணக்குல ஆன பிறகு அதே கூடு அதே ஆட்கள விரட்டும். நேத்து வரைக்கும் சும்மா இருந்துச்சுங்கறது இன்னைக்கு சும்மா இருக்கும்ங்கறதுக்கு ஆதாரம் ஆகாது.

கூடுன்னு தெரிஞ்சுடுச்சு, முதல்ல என்ன செய்யணும்?

அந்தப் பக்கம் ஆள் போறத நிறுத்துங்க. கயிறு கட்டி ஒரு சிவப்புத் துணிய தொங்கவிடுங்க, ஆனா கூட்டுக்கு கிட்ட போய் கம்பு நடாதீங்க, தள்ளி நின்னு கட்டுங்க. பிள்ளைங்களுக்கு எடத்த காட்டி சொல்லிடுங்க, காட்டாம சும்மா "அங்க போவாத"ன்னா கட்டாயம் போய் கல்லு விட்டு பாப்பாங்க. பக்கத்து வீட்டுக்கு, பால்காரருக்கு, தேங்கா பறிக்க வர்றவருக்கு, எல்லாருக்கும் சொல்லணும். கதண்டுக்கு அதிர்வு ஆகாது. புல்லு வெட்டுற மெஷின், டிராக்டர், மண்வெட்டி, மேல இருந்து விழுற தென்னை மட்டை, இதெல்லாம்தான் கூட்ட கிளப்பி விடுது. கூடு போற வரைக்கும் அந்த சுத்து வட்டாரத்துல இந்த வேலை எதுவும் வேண்டாம்.

பக்கத்துல மாடு ஆடு கட்டியிருந்தா இருட்டின பிறகு சத்தம் போடாம அவுத்து வேற பக்கம் கட்டுங்க. மனுஷன் ஓடிடுவான், கயித்துல கட்டின மாடு எங்க ஓடும்?

பெட்ரோல் ஊத்தி கொளுத்திட்டா முடிஞ்சுதே?

முடியாது. பெட்ரோல் ஊத்த நீங்க வாசலுக்கே போகணும், போற காலடி அதிர்வுலயே காவல் வெளிய வந்துடும். பெட்ரோல் ஆவி குழிக்குள்ள தேங்கி நிக்கும், நெருப்பு வச்ச அடுத்த நொடி உங்க முகத்துக்கு நேரா பத்திக்கும். கதண்டு ஒரு பக்கம், தீக்காயம் ஒரு பக்கம். எலி வளைன்னா வாய் ஒண்ணு மட்டும் இருக்காது, இந்தப் பக்கம் எரிய எரிய அந்தப் பக்கமா வெளிய வரும். வைக்கோல், கூரை, காஞ்ச மட்டை பக்கத்துல இருந்தா வீடே போயிடும். மண்ணுல ஊறின பெட்ரோல் கிணத்துக்கும் அடிபம்புக்கும் இறங்கும்ங்கறதயும் யோசிங்க.

புகை போடலாமான்னு கேப்பாங்க. தேனீ புகைக்கு அடங்கும், கதண்டு அப்படி அடங்காது, இன்னும் வெறியாகும்.

ஓட்டைய கல்லு மண்ணு போட்டு அடைச்சுட்டா? இல்ல கொதிக்கிற தண்ணி?

பகல்ல அடைச்சீங்கன்னா பாதி கதண்டு வெளிய இரை தேட போயிருக்கும், திரும்பி வந்து வாசல காணாம அந்த எடத்தையே சுத்தும், அந்த நேரம் யாரு அந்தப் பக்கம் வந்தாலும் அவங்க கதி அதோகதி. உள்ள இருக்கறதும் மண்ண தோண்டி வேற வழி போட்டுக்கும். தண்ணியும் அப்படித்தான், கூடு பொந்துக்குள்ள மேல்பக்கமா ஒட்டி தொங்கும், நீங்க ஊத்துற தண்ணி பக்கவாட்டுல வடிஞ்சு மண்ணுல இறங்கிடும், ஒரு குடம் ஊத்தி முடிக்கறதுக்குள்ள உங்கள சூழ்ந்துடும்.

ஹிட் மாதிரி ஸ்பிரே? இல்ல பூச்சிமருந்து கடையில கேட்டு ஏதாச்சும் வாங்கலாமா?

கரப்பான் ஸ்பிரே ரெண்டு மூணு அடி தூரம்தான் போகும். வீட்டுக்குள்ள வழி தவறி வந்த ஒத்தை கதண்டுக்கு சரி, கூட்டுக்கு அது போதவே போதாது. வயலுக்கு வச்சிருக்கற மருந்த தண்ணியில கலக்கி அடிக்கறதும் வேண்டாம், மருந்து உள்ள வரைக்கும் போகாது.

அப்புறம் வீட்டுப் பரண்ல பழைய டைக்குளோர்வாஸ் பாட்டில் கிடக்கும், முன்னாடி எல்லாத்துக்கும் அதத்தான் அடிச்சாங்க. 2020 டிசம்பர் 31-ல இருந்து அது நாடு முழுக்க தடை, கார்பரில் தூள் 2018-லயே தடை. இதுங்க மனுஷனுக்கும் விஷம்ங்கறதாலதான் தடை பண்ணினாங்க, அத எடுத்து கூட்டுல ஊத்தாதீங்க. தரைக் கூட்டுக்கு வேலை செய்யறது தூள் மருந்து, வாசல்ல போட்டா உள்ள போறது வர்றது எல்லாம் கால்ல ஒட்டி கொண்டு போகும். ஆனா அதப் போட உடம்பு முழுக்க மூடின உடுப்பு வேணும், அனுபவம் வேணும். லுங்கியும் பனியனுமா போய் செய்யற வேலை இல்ல இது.

அப்ப யார கூப்பிடுறது?

தீயணைப்பு நிலையம். 101, இல்லாட்டி 112. தமிழ்நாட்டுல அந்த துறையோட பேரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைதான், கதண்டு கூடு அழிக்கறது அவங்க வழக்கமா செய்யற வேலை, கூச்சப்பட வேண்டாம். போன்ல கூடு தரையிலயா மரத்துலயா, வீட்டுக்கு எத்தன அடி, பக்கத்துல பள்ளிக்கூடம் அங்கன்வாடி இருக்கா, வண்டி எதுவரைக்கும் வரும், யாரையாச்சும் கடிச்சிருக்கா, இத்தனையும் சொல்லுங்க. பகல்ல சொல்லிட்டு சாயங்காலம் வரச் சொல்றது நல்லது. ஊராட்சி தலைவர்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைங்க, பொது எடத்துல, வாய்க்கா கரையில இருந்தா அவங்கதான் முன்ன நின்னு செய்யணும். டவுன்ல இருக்கறவங்க பூச்சி ஒழிப்பு கம்பெனியையும் கூப்பிடலாம், ஆனா "கதண்டு கூடு எடுத்திருக்கீங்களா, கவச உடை இருக்கா"ன்னு கேட்டுட்டு வர சொல்லுங்க, கரையானுக்கு மருந்தடிக்கிற எல்லாருக்கும் இது தெரியாது.

அவங்க வந்து என்ன செய்வாங்க, நாங்க என்ன செய்யணும்?

இருட்டுற வரைக்கும் காத்திருப்பாங்க. வெளிய போன கதண்டு எல்லாம் அடைஞ்சாத்தான் மொத்தமா முடிக்க முடியும். எங்க பக்கத்து கொல்லையில செஞ்சப்ப கூட நின்னு பாத்தேன், கூட்டுக்கு நேரா டார்ச் அடிக்க விடல, வெளிச்சத்த பாத்து நேரா வரும்னாங்க. சிவப்பு கண்ணாடிக் காகிதம் சுத்தின விளக்கு மட்டும்தான், சிவப்பு அதுங்க கண்ணுக்கு சரியா தெரியாது. தலையோட மூடின உடுப்பு போட்டவர் ஒருத்தர் மட்டும் கிட்ட போனாரு, நீளமான குழாய் வழியா தூள உள்ள விட்டாரு, உடனே ஈரமண்ண அள்ளி வாய அடைச்சாரு. மண்ணுக்கு அடியில இருந்து அந்த இரைச்சல் இருக்கே, பத்தடி தள்ளி நின்ன எங்க காதுக்கே கேட்டுச்சு, ரொம்ப நேரம் அடங்கல. பிறகு தோண்டிப் பாத்தா தட்டு தட்டா அடுக்கி வச்ச சாம்பல் கலர் அடை, ஒவ்வொரு அறையிலயும் வெள்ளப் புழு, மேல வெள்ளப் பட்டு மூடி போட்ட அறைங்க. அதக் கையில தொட விடல, மருந்து பட்டது, ஆழமா புதைச்சுட்டாங்க. மீன் புடிக்க புழு வேணும்னு யாராச்சும் எடுத்துட்டு போகப் பாப்பாங்க, விடாதீங்க.

நீங்க செய்ய வேண்டியது வீட்டு விளக்க அணைக்கறது, கதவு ஜன்னல சாத்தறது, பிள்ளைங்கள உள்ள வச்சிக்கிறது, வேடிக்க பாக்க கூட்டம் கூடாம பாத்துக்கறது. செல்போன் வெளிச்சத்துல வீடியோ எடுக்கறேன்னு வர்ற பையன்கள முதல்ல வெளிய அனுப்புங்க.

அழிச்சு ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் நாலஞ்சு சுத்துதே?

சுத்தும். அன்னைக்கு ராத்திரி வெளியவே தங்கினதுங்க திரும்பி வந்து தேடும், சில நாள்ல தானா குறைஞ்சுடும். அதுவரைக்கும் அந்த எடத்துக்கு போகாதீங்க. குறையாம கூடிகிட்டே போச்சுன்னா ராணி சாகலன்னு அர்த்தம், இல்ல இன்னொரு வாய் இருக்கு, திரும்பவும் 101.

விரட்ட ஆரம்பிச்சுட்டா எப்படி தப்பிக்கிறது?

ஓடணும். நின்னு கைய வீசி அடிக்கறதுதான் பெரிய ஆபத்து, ஏன்னா கொட்டும்போதும் நசுங்கும்போதும் ஒரு வாடைய விடும், அது மத்த கதண்டுக்கெல்லாம் "இங்க வா"ன்னு கூப்பிடுற மாதிரி. துண்டு, முந்தானை, சட்டை, எது இருக்கோ அதால தலையும் முகமும் மூடிகிட்டு, கண்ணுக்கு பாதை தெரியற அளவு விட்டுட்டு, நூறு மீட்டராவது போங்க, வீடு கிட்ட இருந்தா உள்ள போய் கதவ சாத்துங்க. கருப்பா இருக்கறதத்தான் முதல்ல குறி வைக்கும், அதான் தலைமுடியில போய் சிக்கிக்குது. குளத்துல கிணத்துல குதிக்காதீங்க, மேலயே சுத்திகிட்டு இருக்கும், மூச்சு வாங்க தலைய தூக்கினா கொட்டும், பதட்டத்துல முங்கிப் போறதும் உண்டு. யாராச்சும் விழுந்து கிடந்தா தனியா ஓடிப்போய் தூக்காதீங்க, கனமான போர்வை, சாக்கு, தார்ப்பாய் எதையாச்சும் போத்திகிட்டு போய் அவங்களையும் போத்தி இழுத்துட்டு வாங்க.

கடிச்சிடுச்சு. சுண்ணாம்பு தடவலாமா?

வேண்டாம், ஏற்கனவே புண்ணான எடம் சுண்ணாம்புல வெந்து போகும். சோப்பு போட்டு கழுவுங்க, துணியில ஐஸ் சுத்தி வைங்க, மோதிரம் வளையல் மெட்டி எல்லாத்தையும் வீங்கறதுக்கு முன்னாடி கழட்டுங்க. தேனீ மாதிரி கதண்டு கொடுக்க விட்டுட்டு போறதில்ல, ஒண்ணே திரும்ப திரும்ப கொட்டும், அதனால கொடுக்க தேடி தோல சொரண்ட வேண்டாம். ஒண்ணு ரெண்டு கடி, வலியும் அந்த எடத்துல வீக்கமும் மட்டும்தான்னா வீட்டுலயே பாத்துக்கலாம், அதுலயும் முதல் ஒரு மணி நேரம் கடிபட்டவர தனியா விடாதீங்க. மந்திரிக்க கூட்டிட்டு போற பழக்கம் இன்னும் இருக்கு, மனசுக்கு தைரியம் வேணும்னா ஆஸ்பத்திரி போய்ட்டு வந்து மந்திரிங்க, போற வழியில வேண்டாம்.

எப்ப கட்டாயம் ஆஸ்பத்திரி?

கீழ சொல்றதுல ஒண்ணு இருந்தாலும் 108 கூப்பிடுங்க. கடிச்ச எடம் தவிர உடம்பெல்லாம் தடிப்பு அரிப்பு, உதடு நாக்கு கண்ணு வீக்கம், குரல் கம்முறது, மூச்சு இழுக்கறது, வாந்தி வயித்து வலி, தலை சுத்தல் மயக்கம். இது அலர்ஜி, நிமிஷக் கணக்குல ஆள சாய்ச்சிடும், ஒரே ஒரு கடியிலயும் வரும். அவங்கள படுக்க வச்சு கால தூக்கி வைங்க, எழுப்பி நடக்க வைக்காதீங்க, மூச்சு திணறினா மட்டும் சாய்ஞ்சு உக்கார வைங்க.

இதுக்கு உயிர் காக்கற மருந்து அட்ரினலின் ஊசி, பெரியவங்களுக்கு அரை மில்லிகிராம், தொடையில வெளிப்பக்க சதையில போடுறது. ஏவில் ஊசி, டெக்ஸா ஊசி போட்டு அனுப்பிடறது நடக்குது, அது அரிப்புக்கும் வீக்கத்துக்கும் உதவும், ஆனா மூச்சும் பிரஷரும் விழுறப்ப அட்ரினலினுக்கு பதிலா ஆகாது. அதனால "கதண்டு கடி, மூச்சு வாங்குது, அட்ரினலின் போடணுமா பாருங்க"ன்னு வாயத் திறந்து சொல்லுங்க, தப்பே இல்ல. பிரஷர் மாத்திரை என்ன சாப்பிடறாங்கன்னும் சொல்லுங்க, சில மாத்திரை இந்த ஊசிய சரியா வேலை செய்ய விடாது. சரியான பிறகும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப வரலாம், உடனே டிஸ்சார்ஜ் கேக்காதீங்க.

அலர்ஜியே இல்லன்னாலும் பத்து கடிக்கு மேலன்னா போங்க. குழந்தை, வயசானவங்க, கர்ப்பிணின்னா, இல்ல வாய்க்குள்ள, தொண்டை பக்கம், கண்ணுல கடின்னா எண்ணிக்கையே பாக்க வேண்டாம்.

பாம்புக்கு இருக்கற மாதிரி இதுக்கு விஷமுறிவு ஊசி உண்டா?

இல்ல. பாம்பு விஷமுறிவு மருந்து இதுக்கு வேலை செய்யாது. அலர்ஜிய அடக்கறது, குளுக்கோஸ் ஏத்தி கிட்னிய காப்பாத்தறது, தேவைப்பட்டா டயாலிசிஸ், இதுதான் வைத்தியம்.

நிறைய கடி, ஆனா அன்னைக்கே நல்லாயிட்டாரு. இனி பயமில்லையே?

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. விஷம் அதிகமா ஏறினா தசையும் ரத்த அணுவும் சிதைஞ்சு அந்தக் கழிவு கிட்னியில போய் அடைக்கும், அது ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுதான் வெளிய தெரியும். ஒண்ணுக்கு டீ டிகாக்‌ஷன் கலர்ல போறது, அளவு குறையறது, முகமும் காலும் வீங்கறது, மஞ்சக் காமாலை மாதிரி கண்ணு, உடம்பு அடிச்சுப் போட்ட வலி, இதுல எது வந்தாலும் கிட்னி வைத்தியம் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கே போங்க. ஒரு நாளாவது அட்மிட் ஆகி கிரியாட்டினின் டெஸ்டும் (கிட்னி சரியா வேலை செய்யுதான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) யூரின் டெஸ்டும் எடுத்துட்டு, மறுபடி ரெண்டு நாள் கழிச்சும் எடுத்துக்கங்க.

வயல்ல தள்ளி இருக்கு, அதையும் அழிக்கணுமா?

ஆள் நடமாட்டம் இல்லாத எடத்துல இருந்தா விட்டுடுங்க. பயிர்ல இருக்கற புழு, ஈ எல்லாத்தையும் புடிச்சு தன் குஞ்சுக்கு கொடுக்குது, மத்த குளவிக் கூட்டையும் அதுதான் சூறையாடும். அத கொல்லணும்னு நமக்கு ஒரு வேண்டுதலும் இல்ல. வீடு, பள்ளிக்கூடம், தண்ணி எடுக்கற எடம், தினம் நடக்கற வரப்பு, மாட்டுக்கொட்டாய், இதுக்குப் பக்கத்துல இருக்கறது மட்டும் போகணும். தேனீப் பெட்டி வச்சிருந்தீங்கன்னா கொஞ்சம் கவனம், பெட்டி வாசல்ல நின்னு தேனீய ஒண்ணொண்ணா தூக்கும்.

திரும்ப கட்டாம இருக்க என்ன பண்றது?

பழைய கூட்டத்துக்கு அந்த எடம் முடிஞ்சது, ஆனா பொந்து அப்படியே கிடந்தா வேற ஒரு ராணி வந்து உக்காரும். ஜல்லியும் களிமண்ணும் போட்டு கெட்டிச்சு மூடுங்க. வீட்ட சுத்தி எலி வளை இருந்தா அதையும் மூடணும், பட்டுப்போன மரத்து தூர தோண்டி எடுத்துடணும், செங்கல் குவியல், மட்டைக் குவியல் வருஷக்கணக்குல ஒரே எடத்துல கிடக்க வேண்டாம். கொல்லையில புல்லு வெட்ட இறங்கறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு தடவையும், ஒரு அஞ்சு நிமிஷம் ஓரமா நின்னு தரையோட தரையா ஏதாச்சும் பறக்குதான்னு பாத்துட்டு இறங்குங்க, கூலிக்கு ஆள் வச்சு வெட்டினா அவங்கள இறக்கறதுக்கு முன்னாடி நீங்க பாத்து சொல்லுங்க.